யானை வந்தால் முதல் போன் இவருக்குத்தான்... வனச்சரகரின் வேலை என்ன?

சுரண்டையில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். அந்த மலையடிவாரத்தில் வடகரை, மேக்கரை பக்கம் தென்னந்தோப்புக்குள் யானை புகுந்துவிட்டால், விவசாயி முதலில் போன் போடுவது ரேஞ்சர் ஆபீஸுக்குத்தான். ரேஞ்சர் என்றதும் ஆங்கிலப் படங்களில் தொப்பியோடு பூங்காவைச் சுற்றிக்காட்டும் ஆள் ஞாபகத்துக்கு வரலாம். இங்கே கதையே வேற.

தென்காசி மாவட்டத்தில் தேசியப் பூங்கா கிடையாது. தமிழ்நாடு முழுக்கவே கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா என 5 தான். குற்றாலம், கடையநல்லூர், சிவகிரி பக்கத்து மலைக்காடுகள் 2015-ல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்தில் வருகின்றன. கடையம் பக்கம் போனால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்.

யாருக்கு என்ன வேலை?

ஒரு சரகத்துக்குப் பொறுப்பு வனச்சரகர். அவருக்குக் கீழே வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர். இவர்களோடு வேட்டைத் தடுப்புக் காவலர்களும் உண்டு. உண்மையில் காட்டுக்குள் அதிகம் நடப்பது இவங்கதான்.

ரோந்து, கோடையில் தீத்தடுப்புக் கோடு போடுவது, பயிர்ச்சேதத்தைப் பார்த்து இழப்பீட்டு ஃபைல் தயாரிப்பது, வேட்டை வழக்குக்காக கோர்ட்டுக்கு அலைவது என சரகரின் நாள் ஓடும். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி, வாரன்ட் இல்லாமலே சோதனை போடவும் கைது செய்யவும் அதிகாரம் உண்டு.

மயக்க ஊசி ஏன் உடனே போடுவதில்லை?

ஊர்க்காரர்கள் கோபமாகக் கேட்கும் கேள்வி இது. ஆனால் அந்த முடிவு சரகர் கையில் இல்லை. சட்டத்தின் 11-வது பிரிவின்படி, சிறுத்தை, கரடி, யானை போன்றவற்றைப் பிடிக்கவோ மயக்கவோ மாநில தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்துப்பூர்வமாக அனுமதி தர வேண்டும். கால்நடை மருத்துவரும் வர வேண்டும். அதுவரை கூட்டத்தைச் சமாளிப்பது சரகரின் பாடு.

ஊசி போட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. 2022 நவம்பரில் கடையம் அருகே பைக்கில் வந்த வியாபாரியை கரடி தாக்கியது. காப்பாற்றப் போன 2 பேரையும் குதறியது. மயக்க ஊசி போட்டுப் பிடித்து களக்காடு காட்டில் விட்டார்கள். அந்தக் கரடி பிறகு செத்துக் கிடந்தது.

காட்டுப்பன்றி விவகாரம்

இதற்கு மட்டும் விதி கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டில் இருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுட முடியாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்து காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும். விவசாயியே துப்பாக்கி எடுத்தால் வழக்கு அவர் மீதே பாயும்.

வேலையில் சேர்வது எப்படி?

சரகர் ஆக டிஎன்பிஎஸ்சி குரூப் 6, அதாவது வனத்தொழில் பழகுநர் தேர்வு. வனவியல் அல்லது அறிவியல் சார்ந்த டிகிரி தேவை. வனக்காப்பாளர், வனக்காவலர் பணிகள் 2024 முதல் குரூப் 4 தேர்வில் சேர்ந்துவிட்டன. எழுத்துத் தேர்வோடு முடியாது. நடைத் தேர்வும் உண்டு. 4 மணி நேரத்தில் ஆண்கள் 25 கி.மீ., பெண்கள் 16 கி.மீ. நடந்தாக வேண்டும்.