ஒரு பரிசு, இரண்டு எதிரிகள்

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து, லைட் போடாமல் சமையலறைக்குப் போகிறீர்கள். தரையில் கிடந்த குண்டூசி காலில் நறுக்கென்று குத்துகிறது. 'ஆ!' என்று கத்திவிட்டுக் காலை எடுப்பேன் என்கிறீர்களா? கிடையாது. முதலில் காலை எடுத்துவிடுகிறீர்கள். வலி அப்புறம்தான் தெரிகிறது. குத்திய செய்தி முதுகுத்தண்டுக்குப் போனதுமே 'காலைத் தூக்கு' என்ற உத்தரவு அங்கிருந்தே கிளம்பிவிடுகிறது. கிளை அலுவலகமே முடிவெடுத்துவிட்டு, தலைமை அலுவலகத்துக்கு 'தகவலுக்காக' ஒரு நகல் அனுப்புகிற மாதிரி!

சரி, அந்தச் செய்தி எப்படிப் போகிறது? உடம்பு முழுக்க ஒட்டிப் பின்னிய ஒரே வலை வழியாகவா? இல்லை, கட்டட வேலை நடக்கும் இடத்தில் செங்கல்லைக் கை மாற்றி விடுவார்களே, அப்படித் தனித்தனி ஆட்கள் வழியாகவா? நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இந்தக் கேள்விக்காக இரண்டு மேதைகள் கடைசி வரை மோதிக்கொண்டார்கள்.

முதல் ஆசாமி இத்தாலிக்காரர், கமில்லோ கோல்ஜி. மிலான் நகருக்குப் பக்கத்தில் அபியாதெகிராஸோ என்ற சின்ன ஊர். அங்கே, தீராத நோயாளிகளுக்கான ஆஸ்பத்திரியில் அவர் டாக்டர். ஆராய்ச்சிக்கூடமெல்லாம் ஏது? ஒரு சமையலறையில் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் மூளைத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூளையை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் என்ன தெரியும்? ஒன்றும் புரியாது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தி.நகர் ரங்கநாதன் தெருவை மொட்டைமாடியிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? எது யார் கை, எது யார் தலை என்று பிரிக்க முடியுமா? அதைவிட மோசம். 1873-ல் கோல்ஜி ஒரு ரசாயன வித்தை கண்டுபிடித்தார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் பல நாள் ஊறவைத்து, பிறகு வெள்ளி நைட்ரேட்டில் போட்டார். நூறு செல்களில் ஒன்றிரண்டு மட்டும், உச்சி முதல் பாதம் வரை, ஒவ்வொரு கிளையும் கன்னங்கரேலென்று தெரிந்தன. மற்றதெல்லாம் மாயம்! ரங்கநாதன் தெருவில் மூன்றே மூன்று பேர் நிற்பது போல. (எல்லா செல்லும் கறுத்திருந்தால் சாயம் பிரயோஜனமே இல்லை. பாதி வேலை செய்யாததால்தான் அது பெரிய கண்டுபிடிப்பு.)

இவ்வளவு தெளிவாகப் பார்த்த கோல்ஜி என்ன முடிவுக்கு வந்தார் தெரியுமா? எல்லா நரம்பு செல்களின் நுனிகளும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே பெரிய வலை என்றார். அந்தக் காலத்துப் பெரிய தலைகள் பலரும் அதைத்தான் நம்பினார்கள்.

இரண்டாவது ஆள் ஸ்பெயின்காரர். சான்டியாகோ ராமோன் இ கஹால். சின்ன வயசில் படு வம்பு. சொந்தமாக பீரங்கி செய்து பக்கத்து வீட்டுக் கதவைப் பெயர்த்துவிட்டு, பதினோரு வயசில் சிறைக்குப் போன பையன்! ஓவியர் ஆவதுதான் ஆசை. டாக்டரான அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பையனைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய், பழைய எலும்புகளைப் பொறுக்கி வரைய வைத்தார். பையன் உடற்கூறு இயலில் விழுந்தான். கில்லாடி அப்பா!

1887-ல் மாட்ரிட் போயிருந்தபோது, கஹால் ஒரு நண்பரிடம் கோல்ஜியின் கறுப்புச் சாயத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. கோல்ஜி கண்டுபிடித்துப் பதினாலு வருஷம் ஆகியும் உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளாத விஷயம் அது. கஹால் இரண்டு மாற்றங்கள் செய்தார். சாயத்தை ஒரு முறைக்கு இரண்டு முறை ஏற்றினார். அப்புறம், வளர்ந்த மூளையை விட்டுவிட்டு முட்டைக்குள் இருக்கும் கரு, குஞ்சு, குட்டி இவற்றின் மூளையை எடுத்தார். ரங்கநாதன் தெருவைக் காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்க்கிற புத்திசாலித்தனம்!

பார்த்தால், வலையைக் காணோம். ஒவ்வொரு நரம்பு செல்லும் தனி ஆள். ஒன்றின் கிளை இன்னொன்றின் பக்கத்தில் போய் நிற்கிறது, ஒட்டவில்லை. விழித்திரையையும் மூக்கிலிருந்து வாசனை போகும் பாதையையும் வரைந்து பார்த்தபோது இன்னொன்றும் பிடிபட்டது. எல்லாமே ஒருவழிப் பாதை. செல்லின் ஒரு பக்கம் செய்தியை வாங்குகிறது, இன்னொரு பக்கம் அடுத்த ஆளுக்குக் கொடுக்கிறது. தன் படங்களில் அவர் போட்ட அம்புக்குறிகள் இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் அதே திசையில்தான் இருக்கின்றன.

ஆனால், ஸ்பானிஷ் மொழியில் எழுதினால் யார் படிப்பார்கள்? 1888-ல் சொந்தச் செலவில் ஒரு பத்திரிகையே தொடங்கி, அறுபது பிரதி அச்சடித்து வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். பதிலே பெரிதாக இல்லை. மறுவருஷம் தன் ஸ்லைடுகளை மூட்டை கட்டிக்கொண்டு பெர்லினில் நடந்த மாநாட்டுக்குப் போனார். தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் பேசி, 'வந்து பாருங்களேன்' என்று ஒவ்வொருவராக மைக்ராஸ்கோப் பக்கம் இழுத்தார். அங்கே குனிந்து பார்த்தவர்களில் ஒருவர், ஜெர்மனியின் பெருந்தலையான கோலிக்கர். வலைக் கட்சிக்காரர். பார்த்தார், கட்சி மாறினார்! 1891-ல் அந்தத் தனி ஆளுக்கு 'நியூரான்' என்று பெயர் வைத்தார் வால்டேயர் என்ற இன்னொரு ஜெர்மானியர்.

அப்புறம்தான் கிளைமாக்ஸ். 1906-ம் வருஷ மருத்துவ நோபல் பரிசு இரண்டு பேருக்கும் சேர்த்தே! அதுவரை ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. டிசம்பர் 11, ஸ்டாக்ஹோமில் கோல்ஜி முதலில் பேசினார். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். மனுஷன், பரிசைப் பங்கு போட்டுக்கொண்டவரின் நியூரான் கொள்கையைப் பிரித்து மேய்ந்தார். கஹால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவர் முறை. கோல்ஜியின் சாயத்தைப் பாராட்டிவிட்டு, அந்தச் சாயம் காட்டிய தனித்தனி செல்களை விவரித்தார்.

உண்மையில் இரண்டு பேருமே அந்த இடைவெளியைப் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. தலைமுடியின் தடிமனைச் சில ஆயிரம் பங்கு போட்டால் வருகிற அளவு அது. சாதா மைக்ராஸ்கோப்புக்கு எட்டாது. இருவரும் ஒரே சாயத்தைக் கொண்டுதான் பார்த்தார்கள். ஒருவர் நினைத்ததைப் பார்த்தார், இன்னொருவர் பார்த்ததை வரைந்தார் என்பது என் கட்சி.

இந்தக் குட்டி இடைவெளியால் நமக்கு என்ன என்கிறீர்களா? ஆபரேஷன் மேஜையில் உங்களைத் தூங்க வைக்கும் மயக்க மருந்து முக்கியமாக வேலை செய்வது இந்தச் சந்திப்புகளில்தான். காலையில் காபி உங்களைத் தட்டி எழுப்புவதும் இங்கேதான். உங்கள் பெண் வாய்ப்பாடு மனப்பாடம் செய்யும்போது வலுப்படுவதும் இதே சந்திப்புகள். ஒரு நியூரான் அடுத்ததற்கு ரசாயனத்தைத் தூவித்தான் பெரும்பாலும் செய்தி சொல்கிறது. (ஓரிடத்தில் கோல்ஜிக்கும் ஆறுதல்: சில நரம்பு செல்கள் நுண்குழாய்களால் நேரடியாக இணைந்திருப்பதும் பின்னாளில் தெரியவந்தது.)

1926-ல் கோல்ஜியும் 1934-ல் கஹாலும் போய்விட்டார்கள். 1950-களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் அந்த இடைவெளியைப் படம் பிடித்தது. வலை ஒழிந்தது. ஆனால், கோல்ஜி 1898-ல் நரம்பு செல்லுக்குள்ளேயே ஒரு குட்டி வலையைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தார். அதெல்லாம் சாயம் செய்த மாயம், அப்படி ஒன்றும் கிடையாது என்று பலர் பல வருஷம் கேலி பேசினார்கள். அதே எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப், அது நிஜமாகவே இருப்பதையும் காட்டிவிட்டது. உங்கள் வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை இருந்தால் பயாலஜி புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். செல் படத்தில், நியூக்ளியஸ் பக்கத்தில் அடுக்கின தோசை மாதிரி இருக்கும். கோல்ஜி உறுப்பு!