வினாவழிக் கற்றலில் பண்புசார் ஆய்வு

மாணவர் தாமே கேள்வி எழுப்பி, பார்த்து, சோதித்து விடை தேடுவது வினாவழிக் கற்றல். அத்தகைய வகுப்பறையை உற்றுநோக்கல், நேர்காணல், உரையாடல் பதிவு, மாணவர் குறிப்பேடு ஆகியவற்றின் வழியே ஆராய்வது பண்புசார் ஆய்வு. மதிப்பெண் விடை சரியா, தவறா என்று காட்டும். குழந்தை அந்த விடைக்கு வந்து சேர்ந்த வழியைக் காட்டாது.

இத்துறையில் முதலில் படிக்க வேண்டியவர் எலினார் டக்வொர்த். ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜேயிடம் பயின்றவர். 1960களில் அமெரிக்கத் தொடக்கநிலை அறிவியல் பாடத்திட்டப் பணியில் ஈடுபட்டு, பின்னர் ஹார்வர்டில் கற்பித்தார். பியாஜே குழந்தைகளிடம் தனித்தனியே நடத்திய நேர்காணலை இவர் வகுப்புக்கே உரிய முறையாக்கினார். ஆசிரியர்களையே மாணவராக்கி, நிலவைத் தொடர்ந்து பார்த்துக் குறிப்பேட்டில் எழுதச் செய்தார். பட்டப்பகலில் நிலவு ஏன் தெரிகிறது, பிறையின் ஒளிப்பக்கம் எந்தத் திசையை நோக்குகிறது போன்ற கேள்விகள் அப்படிப் பார்க்கும்போதுதான் முளைக்கின்றன. அவர் விளக்கம் சொல்ல முந்தவில்லை. ஆசிரியர்கள் நினைப்பதை அவர்களையே விளக்கச் சொல்லி, காது கொடுத்துக் கேட்டார். கற்பித்தலே ஆய்வானது. அவரது கட்டுரைத் தொகுப்பு 1987இல் நூலானது.

பண்புசார் ஆய்வுக்கு வரம்புகளும் உண்டு. ஓரிரு வகுப்பறைகளில் கண்டதை எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக்க முடியாது. ஆய்வாளர் அங்கே இருப்பதே மாணவரின் பேச்சை மாற்றக்கூடும். ஆகவே பதிவு, குறிப்பேடு, நேர்காணல் மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவு எழுத வேண்டும்.