கல்லென்று எடுத்த செடி

தென்னாப்பிரிக்காவில் ஆரஞ்சு ஆற்றங்கரையில் பிரீஸ்கா என்றோர் ஊர் உண்டு. 1811ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், கேப் நகரிலிருந்து மாட்டுவண்டியில் உள்நாடு நோக்கிச் சென்ற வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேய இயற்கை ஆராய்ச்சியாளர், அவ்வூர்ப் பகுதியில் கல்லடர்ந்த தரையில் கிடந்த விந்தையான கூழாங்கல் ஒன்றை எடுத்துப் பார்த்தார். எடுத்த பின்னரே அது கல்லன்று, செடி என்று விளங்கிற்று. 1822இல் வெளிவந்த தம் பயண நூலில் அவர் அதனைக் குறித்து வைத்தார். அந்நிகழ்ச்சியே, இன்று ‘கற்செடி’ என்று நாம் சொல்லத்தக்க சிறு செடிகளின் வரலாற்றுக்குத் தொடக்கம்.

அச்செடிக்கு இரண்டே இலைகள். இரண்டும் தடித்து, ஒட்டி, நடுவே ஒரு பிளவு மட்டும் தெரிய, மண்ணுக்குள் புதைந்திருக்கும். மேற்பரப்பு மட்டும் சுற்றியுள்ள கற்களின் நிறத்தோடு வெளியே தோன்றும். அப்பரப்பே பலகணியாகவும் பயன்படுகிறது. அதன் வழியாகப் புகும் ஒளி மண்ணுக்குள் இருக்கும் பசும்பகுதிக்குச் சென்று சேருகிறது. இக்கூட்டத்தின் தாயகம் தென்னாப்பிரிக்காவும் நமீபியாவுமே எனலாம். நம் ஊர் வயல்வரப்பில் முளைக்கும் சாரணைக்கீரையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்றால் நேயர்கள் வியப்படையக் கூடும். ஆனால் உறவு சற்றுத் தொலைவானதுதான்.

நெடுங்காலம் இச்செடிகள் அனைத்தும் ‘மெசெம்பிரியாந்திமம்’ என்ற ஒரே பெயருக்குள் அடைக்கப்பட்டுக் கிடந்தன. சொற்களைப் பெயர்த்து எழுதிப் பிழைக்கும் நம்மைப் போன்றோர்க்கு இப்பெயரின் கதை சுவையானது. கிரேக்க மொழியில் நண்பகல் மலர் என்ற பொருளில் முதலில் இப்பெயர் வைத்தார்கள். பின்னர் இரவில் மலரும் இனங்களும் அகப்பட்டன. பெயர் பொய்யாயிற்றே என்று கவன்ற புலவர் ஒருவர் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, நண்பகலை அறவே நீக்கி, வேறு பொருள் தரும்படி செய்துவிட்டார்! எழுத்தொன்றைத் திருத்தி உண்மையைக் காப்பாற்றிய அத்திறமையை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

பெயரைத் திருத்துவது எளிதாயிற்று. செடிகளைப் பிரித்தறிவது எளிதாகவில்லை. மற்றச் செடிகளை அழுத்தி உலர்த்தி ஏட்டில் ஒட்டிவைக்கலாம். நீர் நிரம்பிய இச்செடிகளை அழுத்தினால் உருவமே எஞ்சாது. ஆகவே உயிருள்ள செடியைக் கண்முன் வைத்து வளர்த்துப் பார்த்தவர்களாலேயே இத்துறை வளர்ந்தது. இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற என். ஈ. பிரவுன், 1922இல் கற்செடிகளைத் தனிப் பேரினமாகப் பிரித்து ‘லித்தாப்ஸ்’ எனப் பெயரிட்டார். கல்முகம் என்பது பொருள். ஜெர்மனியில் இத்துறையின் பெரும் அறிஞராய் விளங்கிய குஸ்டாவ் ஷ்வாண்டெஸ் தொழிலால் தொல்பொருளியலார். பழங்காலத் தாழிகளைத் தோண்டியவர். தென்னாப்பிரிக்காவில் கேப் நகரத்து லூயிசா போலஸ் அம்மையார் எண்ணற்ற இனங்களை விவரித்து எழுதினார்.

எனினும் நம் மனத்தை மிகவும் கவர்பவர் டெஸ்மண்ட் கோல் என்பார். இவர் ஜோகானஸ்பர்க் நகரில் பாண்டு மொழிகளின் பேராசிரியராக இருந்தவர். 1955இல் சுவானா மொழிக்கு இலக்கணம் எழுதியவர். இவரும் இவருடைய மனைவியார் நவ்ரீன் அம்மையாரும் பல்லாண்டுகள் காடுமேடெல்லாம் அலைந்து, கற்செடி வாழும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தனர். அத்தகைய எண்கள் ஏறத்தாழ 400. ஒரே இனமாயினும் ஒரு குன்றில் செம்மையாகவும் அடுத்த குன்றில் சாம்பல் நிறமாகவும் இருக்கும். எண் அந்த வேறுபாட்டைக் காக்கிறது. இலக்கணம் வகுத்தவர் அல்லவா? வட்டார வழக்கைக் குறிப்பது போலவே செடியையும் குறித்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. அவ்வெண்களோடு விதைகள் உலகெங்கும் பரவின. இன்று எந்த நாட்டிலும் ஓர் அன்பர், தாம் ஒருநாளும் காணாத குன்றின் செடியை, அதன் எண்ணோடு சட்டியில் வளர்க்கலாம்.

விதையின் அமைப்பே ஒரு விந்தை. மலர் உதிர்ந்த பின் தோன்றும் சிறு பேழை காய்ந்து இறுக மூடிக்கொள்ளும். மழைத்துளி பட்டால் அதன் மடல்கள் ஊறி விரியும். துளியின் வேகத்தில் சில விதைகள் தெறித்து விழும். ஈரம் காய்ந்ததும் மீண்டும் மூடிக்கொள்ளும். எல்லா விதைகளையும் ஒரே மழைக்குக் கொடுத்துவிடுவதில்லை. பஞ்சம் அறிந்த குடும்பத்தில் நெற்குதிரைத் திறப்பது போன்ற சிக்கனம் இது. ஒரே செடி தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை. இரு செடிகள் வேண்டும்.

விதை கசகசாவினும் சிறிது. வளர்க்க விரும்புவோர் பருமணலும் பொடிக்கல்லும் மிகுந்த கலவையின்மேல் அதைத் தூவுவர்; மண்ணிட்டு மூடுவதில்லை. டில்லி போன்ற வடநகரங்களில் வெயில் தணியும் அக்டோபர் ஏற்ற காலம். ஓரிரு வாரங்களில் பச்சை மணிகள் போன்ற முளைகள் தோன்றும். அப்போது ஈரம் மிகுந்தால் அழுகும்; அறவே இல்லையேல் கருகும். பின்னர் ஆண்டுதோறும் பழைய இலைகளின் பிளவிலிருந்து புதிய இணை எழும். பழைய இணை தன் நீரையெல்லாம் அதற்கு ஊட்டிவிட்டுத் தோலாகிச் சுருங்கும். அக்காலத்தில் இரக்கப்பட்டு நீர் வார்ப்பதே பெருந்தீங்கு. மலர் காணக் குறைந்தது மூன்றாண்டு காத்திருக்க வேண்டும்.

இந்த மூன்றாண்டுப் பொறுமை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. லித்தாப்ஸுக்கு உறவான கோனோஃபைட்டம் என்ற இனக்கூட்டம் உண்டு. மணியளவும் விரல்நுனியளவுமே ஆன செடிகள் அதில் பல. சில இனங்கள் ஒரே ஒரு குன்றில் மட்டும் வாழ்பவை. 2019 முதல் தென்னாப்பிரிக்காவின் வடகேப் மாநிலத்தில் இவற்றைப் பாறையிடுக்கிலிருந்து பெயர்த்து வெளிநாட்டு ஆர்வலர்க்கு விற்கும் திருட்டு பெருகிற்று. 2020இல் பெருந்தொற்று வந்து அயல்நாட்டார் நேரில் வர இயலாதபோதும் அது நிற்கவில்லை. வேலையின்றி வாடிய உள்ளூர் மக்களே கூலிக்குப் பெயர்க்க ஏவப்பட்டனர். கைப்பற்றப்பட்ட செடிகள் இலட்சக்கணக்கில் சேர்ந்தன. 2022இல் அந்நாட்டு அரசு இதற்கெனத் தேசியத் திட்டம் ஒன்றை வெளியிட்டது.

செடி இருக்கும் இடத்தைத் துல்லியமாக எழுதிவைப்பதே ஒருகாலத்தில் அறிஞர்க்கு அழகு. அக்குறிப்பே திருடனுக்கு வழிகாட்டியாயிற்று. ஆகவே புதிய இனம் கண்டவர்கள் இப்போது இடத்தை மறைத்தே எழுதுகிறார்கள். கோல் தம்பதியரின் எண்ணைச் சுமந்த விதை, எக்குன்றின் வழித்தோன்றல் என்பதை இன்றும் நமக்குச் சொல்லும். கைப்பற்றப்பட்டுத் தாவரத் தோட்டங்களின் தட்டுகளில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் செடிகளோ அதைச் சொல்வதில்லை. பருவம் வந்தால் அவை மலர்கின்றன. ஆனால் எப்பாறையிலிருந்து பெயர்க்கப்பட்டன என்பது தெரியாமையால், அவற்றுள் பெரும்பாலானவற்றை மீண்டும் தம் இடத்தில் நட வழியில்லை.