கப்பலும் கரையும்: கட்டாரி முதல் ராமதாஸ் வரை

இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் வைஸ் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி. 1911 அக்டோபர் 8 அன்று செங்கல்பட்டில் பிறந்தவர். இன்றைய ஆவடியும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் அடங்கிய ஊர்தான். 1997-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோதுதான் அது திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போனது. 1961-இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையும் படை உடைத் தொழிற்சாலையும் ஆவடிக்குப் படைத்துறை நகரம் என்ற பெயரைத் தந்தன. டாங்கியும் சீருடையும் செய்யும் அந்த வட்டாரத்தின் பழைய மாவட்டம் நாட்டின் கடற்படைக்கும் ஒரு தலைவரைத் தந்தது என்பது பலர் அறியாத செய்தி.

கட்டாரியின் கடல் வாழ்க்கை போர்க்கப்பலில் தொடங்கவில்லை. வணிகக் கப்பல் அதிகாரிகளாக இந்திய இளைஞர்களைப் பயிற்றுவிக்க, 1927-இல் பம்பாய்த் துறைமுகத்தில் ‘டஃபரின்’ என்ற பழைய துருப்புக் கப்பல் பயிற்சிக் கூடமாக நிறுத்தப்பட்டது. அதன் முதல் அணி மாணவர்களில் கட்டாரியும் ஒருவர். பயிற்சி முடிந்ததும் கல்கத்தாத் துறைமுகத்தின் ஹூக்ளி ஆற்று அளவைப் பணியில் சேர்ந்தார். ஹூக்ளியின் மணல்திட்டுகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. நேற்று கப்பல் போன வழி நாளை அடைபடலாம். அதனால் ஓயாமல் ஆழம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆழம் பார்க்கும் பழைய கருவி, அடையாளமிட்ட கயிற்றில் கட்டிய ஈயக் குண்டு. குண்டின் அடிக்குழியில் கொழுப்பு பூசி இறக்குவார்கள். கயிறு ஆழத்தைச் சொல்லும். கொழுப்பில் ஒட்டி வரும் மணலோ சேறோ அடித்தரை எப்படிப்பட்டது என்று சொல்லும். பொறுமையும் துல்லியமும் கோரும் வேலை அது.

இரண்டாம் உலகப் போர் அவரைக் கடற்படைச் சேவைக்குக் கொண்டுவந்தது. விடுதலைக்குப் பிறகு தரைப்படைக்கு 1949-இலும், விமானப்படைக்கு 1954-இலும் இந்தியத் தலைவர்கள் கிடைத்தார்கள். கடற்படை மட்டும் 1958 வரை பிரிட்டிஷ் தலைமையில் இருந்தது. காரணம் எளிது. தரைப்படையில் முதல் உலகப் போரின் முடிவிலேயே இந்தியர்கள் அதிகாரிகளானார்கள். கடற்படையிலோ 1928-இல்தான் முதல் இந்திய அதிகாரி சேர்ந்தார். போர்க்கப்பலை, பிறகு கப்பற்படை அணியை, பிறகு முழுப் படையை நடத்தும் பட்டறிவு வர ஆண்டுகள் வேண்டும். அந்தப் படிகளை ஒவ்வொன்றாக ஏறியவர் கட்டாரி. 1956-இல் இந்தியக் கப்பற்படை அணியின் கொடி அதிகாரியானார். அந்தப் பொறுப்புக்கும் அவரே முதல் இந்தியர். 1958 ஏப்ரல் 22 அன்று ஸ்டீபன் கார்லிலிடமிருந்து தலைமையை ஏற்றுக்கொண்டார்.

அவர் காலத்தில்தான் கடற்படைக்கு முதல் விமானந்தாங்கிக் கப்பல் வந்தது. ‘விக்ராந்த்’ 1961 மார்ச் 4 அன்று பெல்பாஸ்டில் பணியில் சேர்க்கப்பட்டு, நவம்பரில் பம்பாய் வந்து சேர்ந்தது. அடுத்த மாதமே கோவா விடுதலை நடவடிக்கை. கோவா அருகே ‘பெத்வா’, ‘பியாஸ்’ ஆகிய போர்க்கப்பல்கள் போர்த்துக்கீசியரின் ‘அஃபோன்சோ டி அல்புகெர்க்’ கப்பலை முறியடித்தன. அஞ்சதீவைக் கைப்பற்றும் சண்டையில் கடற்படையினர் ஏழு பேர் உயிரிழந்தார்கள். அவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது.

1962-இல் ஓய்வு பெற்ற கட்டாரி, ஆந்திரப் பிரதேச சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் தலைவரானார். கப்பல்களை நடத்தியவர் ஊர் மக்களுக்கான பஸ்களை நடத்தும் பொறுப்புக்கு வந்தார். 1964 முதல் 1969 வரை பர்மாவில் இந்தியத் தூதராகப் பணியாற்றினார். தமிழர்களுக்கு மறக்க முடியாத ஆண்டுகள் அவை. 1964-இல் நே வின் அரசு கடைகளையும் வணிகத்தையும் நாட்டுடைமையாக்கியதால், தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் உள்ளிட்ட இந்தியர்கள் லட்சக்கணக்கில் கைப்பெட்டியோடு கப்பலேறித் தாயகம் திரும்பினார்கள். சென்னைத் துறைமுகத்தின் எதிரே 1969-இல் உருவான பர்மா பஜார் அந்த இடப்பெயர்வின் தடம். கட்டாரி 1983 ஜனவரி 21 அன்று மறைந்தார்.

அவர் மகள் லலிதாவை மணந்தவர் அட்மிரல் லட்சுமிநாராயண் ராமதாஸ். பம்பாயில் தமிழர் மிகுந்து வாழ்ந்த மாதுங்காவில் 1933 செப்டம்பர் 5 அன்று பிறந்த ராமதாஸ், 1953-இல் கடற்படை அதிகாரியானார். தகவல்தொடர்புப் பிரிவில் சிறப்புப் பயிற்சி பெற்றார். கொச்சியில் கடற்படைக் கல்விக்கழகத்தைத் தொடங்கும் பணியும் அவரிடம் வந்தது. 1971 போரில் அவர் ‘பியாஸ்’ கப்பலின் கேப்டன். மாமனார் தலைமைத் தளபதியாக இருந்தபோது கோவாவில் சண்டையிட்ட அதே கப்பல்தான். போருக்கு முந்தைய மாதங்களில் சில காலம் சென்னையில் நின்றிருந்த ‘விக்ராந்த்’ வங்கக் கடலுக்குச் சென்றது. அதனுடன் இயங்கிய கிழக்கு அணியில் ‘பியாஸ்’ கிழக்குப் பாகிஸ்தானின் கடல்வழியை அடைத்துக் காத்தது. அதற்காக ராமதாஸுக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது.

1990 நவம்பர் 30 முதல் 1993 செப்டம்பர் 30 வரை அவர் கடற்படையின் தலைமைத் தளபதி. மருத்துவப் பிரிவுக்கு வெளியே பெண்கள் முதன்முறையாக அதிகாரிகளாகச் சேர்ந்தது 1992-இல், அவர் பொறுப்பில் இருந்தபோது. தளவாடம், சட்டம், கல்வி ஆகிய பிரிவுகளில் அப்போது திறந்த கதவு வழியாகப் பெண்கள் பின்னாளில் போர்க்கப்பல்கள் வரை போனார்கள்.

ஓய்வுக்குப் பின் அவர் மகாராஷ்டிரத்தின் அலிபாக் அருகே ஒரு கிராமத்தில் குடியேறி விவசாயம் செய்தார். போரை நேரில் கண்டவர் என்ற தகுதியோடு சமாதானத்துக்காகப் பேசினார். இந்திய, பாகிஸ்தான் மக்கள் நேரடியாகச் சந்தித்து உரையாட அமைந்த மன்றத்திலும், அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்திலும் முன்னின்றார். எந்த நாட்டின் கடல்வழியை அடைத்தாரோ அந்த நாட்டு மக்களுக்கே நட்புக் கரம் நீட்டினார். 2004-இல் சமாதானத்துக்கான ரமோன் மகசேசே விருதை அவரும், பாகிஸ்தானின் மனித உரிமைப் போராளி இப்ன் அப்துர் ரஹ்மானும் பகிர்ந்துகொண்டார்கள். 2024 மார்ச் 15 அன்று ஐதராபாத்தில், 90 வயதில் ராமதாஸ் மறைந்தார்.

கடற்படையினருக்கு இறுதி மரியாதை செய்வதற்கென்று முறை உண்டு. பேழையின் மேல் தேசியக் கொடி போர்த்தி, அதன் மேல் அவர் அணிந்த தொப்பியையும் பெற்ற பதக்கங்களையும் வைப்பார்கள். வீரர்கள் துப்பாக்கியின் வாய் தரையை நோக்க, தலை குனிந்து நிற்பார்கள். எக்காளத்தில் இறுதி இசை ஒலிக்கும். பின் கொடியை மடித்துக் குடும்பத்தாரிடம் கொடுப்பார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 4 கடற்படை நாள்; 1971-இல் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கியதன் நினைவு அது. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். அன்று திரட்டும் நிதி முன்னாள் படைவீரர்களுக்கும், உயிர்நீத்தவர்களின் குடும்பங்களுக்கும் போய்ச் சேருகிறது. தமிழ்நாட்டில் அதை மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் நடத்துகின்றன.

இந்த மரியாதையின் வேர் தமிழ் மண்ணில் மிகப் பழையது. செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்கள், இறந்தவர் யாருடைய சேவகர், எந்தப் பூசலில் பட்டார் என்று எழுதிவைக்கின்றன. அவற்றில் பல, ஊரின் ஆநிரையை மீட்கப் போய் மாண்டவர்களுக்கு ஊரார் எடுத்த கற்கள். களத்தில் காட்டிய வீரத்தையும் ஊருக்குச் செய்த உதவியையும் அந்தக் கல் பிரித்துப் பார்க்கவில்லை. கட்டாரியின் வரலாறும் ராமதாஸின் வரலாறும் அதே முறையில்தான் முழுமை பெறுகின்றன. கப்பல் தளத்தில் செய்த பணி பாதி. சீருடையைக் கழற்றிய பின் கரையில் செய்த பணி மறுபாதி.