'எய்ட்' என்னும் சொல்லும் கல்வராயன் மலையும்

அரசின் மானியம் பெறும் பள்ளியை 'எய்டட் ஸ்கூல்' என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். 'எய்ட்' என்றால் உதவி, அதில் ஐயமில்லை. ஆனால் அது யார் யாருக்குச் செய்த உதவி என்று கேட்டால் வரலாறு வேறு விடை சொல்கிறது.

துணைநிற்றலைக் குறிக்கும் 'அட்யுவாரே' என்ற இலத்தீன் வினையே இதன் வேர். கி.பி. 842இல் சார்லமேன் பேரரசரின் பேரர்களான இரு சகோதரர்கள் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் செய்த உறுதிமொழியில், பழம் பிரெஞ்சு வடிவமாகிய 'அயுதா' காணப்படுகிறது. அங்கே அது உடன்பிறந்தார் தரும் துணை. நிலமானிய முறை வலுப்பெற்றபின் சொல்லின் திசை மாறிற்று. நிலம் பெற்றவர் தம் பிரபுவுக்குக் கட்டிய பணமே 'எய்ட்' எனப்பட்டது. பிரபு சிறைப்பட்டால் மீட்புப் பணம். அவருடைய மூத்த மகன் வீரப் பட்டம் பெற்றால் ஒரு தொகை. மூத்த மகளின் திருமணத்திற்கு மற்றொன்று. இம்மூன்றும் தவிர்த்துப் பிறவற்றிற்குப் பொது ஆலோசனையின்றி மன்னர் 'எய்ட்' பெறலாகாது என்று 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா தடுத்தது. வரிக்கு உதவி என்று பெயரிட்டுவிட்டால், கொடுக்க மறுப்பவன் நன்றி கெட்டவனாகிவிடுகிறான் அல்லவா? இங்கிலாந்தில் இவ்வழக்கம் 1660இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அரசு மக்களுக்குத் தருவது என்ற பொருள் நம் நாட்டுக் கல்வித்துறையில் வேரூன்றியது 1854ஆம் ஆண்டின் வுட் அறிக்கை வகுத்த மானிய முறையால்.

முகலாயர் ஆட்சியில் அறிஞர்க்கும் வறியவர்க்கும் அளிக்கப்பட்ட நிலக்கொடை 'மததெ மஆஷ்' எனப்பட்டது. 'மதத்' என்பதும் உதவியே. ஆனால் அது மேலிருந்து கீழே வந்தது. 'ஜாகிர்' வேறு. 'ஜா' இடம், 'கீர்' பற்றியிருப்பவர். முகலாய முறையில் அது வரி பெறும் உரிமை மட்டுமே. நிலவுடைமையன்று, பொதுவாகப் பரம்பரைச் சொத்துமன்று.

அப்பாரசீகச் சொல் நம் பக்கத்து மலையிலும் ஏறியது. கரியாலூர் அமைந்துள்ள கல்வராயன் மலை, சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்களிடம் இருந்தது. கிருஷ்ணதேவராயர் அளித்த உரிமை என்பது மரபு. மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக ஜாகிர்தார்களுக்கே வரி செலுத்தினர். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்து, 1976இல்தான் அரசு அந்த ஜாகிர்களை எடுத்துக்கொண்டது. இங்கிலாந்து பிரபுக்களின் 'எய்ட்' ஒழிந்து அப்போது மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

பழங்குடியினர் வழிவழியாக உழுதுவரும் வனநிலத்தை 2006ஆம் ஆண்டின் சட்டம் அவர்களது உரிமையென ஏற்கிறது. 'வன உரிமை' என்று சட்டத்தின் பெயரிலேயே அச்சொல் உண்டு. நம் மேடைகளிலோ பட்டா இன்றும் 'வழங்கப்படுகிறது', நலத்திட்ட உதவிகள் வழங்கும் விழாவில்.