கொள்ளைநோயும் கண்டோன்மெண்டும்

பெங்களூரின் சிவாஜிநகரில் பேருந்தை விட்டு இறங்கும் தமிழர் எவருக்கும், தாம் வேற்று மாநிலத்திற்கு வந்திருக்கிறோம் என்ற நினைவு உடனே எழுவதில்லை. ஒருபுறம் தண்டு மாரியம்மன் கோயில். சற்று அப்பால், 1882ஆம் ஆண்டில் வழிபாட்டுக்குத் திறக்கப்பெற்ற புனித மரியன்னை ஆலயத்தின் உயர்ந்த கோபுரம். அதன் அருகிலேயே ரஸ்ஸல் மார்க்கெட்டு. சுற்றியுள்ள தெருக்களில் தமிழும் உருதும் கன்னடமும் தெலுங்கும் ஒரே பேரத்திற்குள் கலந்து ஒலிக்கக் கேட்கிறோம்.

இவ்வூரின் தெருக்களையும் மார்க்கெட்டையும் வீடுகளின் சாளரங்களையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். அவை இன்றுள்ள உருவை அடைந்தது எவ்வாறு என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அக்கதையில் ஒரு பெரும் பகுதி 1898ஆம் ஆண்டு இந்நகருக்கு வந்த பிளேக் நோயின் கதையாகும். அறிவியலும் தொழில்நுட்பமும் கலையும் மக்களின் அன்றாட வாழ்வில் எவ்வாறு புகுகின்றன, எப்போது வரவேற்கப்படுகின்றன, எப்போது வெறுக்கப்படுகின்றன என்பதை அக்கதை நமக்குத் தெளிவாக உணர்த்துகிறது.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது அறிந்து கொள்வோம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ஆங்கிலேயப் படை 1809ஆம் ஆண்டில் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. படைக்குத் 'தண்டு' என்று பெயர். அதனால் படைவீடு அமைந்த பகுதியும் மக்கள் வழக்கில் தண்டு ஆயிற்று. அம்மனும் தண்டு மாரியம்மன் ஆனாள். படையுடன் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் வந்தனர். அவர்களைத் தொடர்ந்து கொத்தர், தச்சர், சமையற்காரர், வண்ணார், தானிய வணிகர், ஒப்பந்தக்காரர் எனப் பலரும் வந்து குடியேறினர். 1864ஆம் ஆண்டு ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்டு வரை ரயில் பாதை திறக்கப்பட்டபின் இவ்வரவு மேலும் பெருகிற்று. 1881ஆம் ஆண்டில் மைசூர் சமஸ்தானம் மீண்டும் உடையார் வம்சத்திடம் அளிக்கப்பட்டபோதும், கண்டோன்மெண்டு மட்டும் ஆங்கில ரெசிடெண்டின் ஆட்சியிலேயே இருந்தது. எனவே பெங்களூர் என்பது உண்மையில் இரண்டு ஊர்கள்: பழைய பேட்டை ஒன்று, கண்டோன்மெண்டு மற்றொன்று. இரண்டுக்கும் தனித்தனி நகராட்சிகள் இருந்தன. அவை ஒரே மாநகராட்சியாக இணைந்தது 1949ஆம் ஆண்டில்தான்.

இன்று சிவாஜிநகர் எனப்படும் பகுதி அந்நாளில் பிளாக்பள்ளி என்று வழங்கிற்று. 'பிளி அக்கி', அதாவது வெள்ளை அரிசி, விளைந்த பள்ளி என்பதால் அப்பெயர் வந்தது என்பாரும் உளர். கண்டோன்மெண்டை வகுத்த பிளாக்கிஸ்டன் என்ற பொறியாளரின் பெயரின் திரிபு என்பாரும் உளர். பெயர் எதனால் வந்ததாயினும், படைவீட்டிற்கு உழைத்த ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த இடம் அது. வெள்ளையர் வாழ்ந்த பகுதிகளில் அகன்ற சாலைகளும் தோட்டம் சூழ்ந்த மாளிகைகளும் இருந்தன. பிளாக்பள்ளியிலோ வீட்டோடு வீடு ஒட்டி நின்றது. தானிய மூட்டைகளுக்கு நடுவே மனிதர் உறங்கினர். எலிகளுக்கு அதைவிடச் சிறந்த உறைவிடம் வேண்டுமோ?

1896ஆம் ஆண்டில் பம்பாயில் தோன்றிய பிளேக், ஊர் ஊராகப் பரவி, 1898 ஆகஸ்டு மாதத்தில் ஹூப்ளியிலிருந்து ரயில் வழியாகப் பெங்களூரை அடைந்தது. நம் முன்னோருக்குப் பிழைப்பைக் கொண்டுவந்த ரயிலே இப்போது நோயையும் கொண்டுவந்தது. காய்ச்சல், அக்குளிலும் அரையிலும் கட்டி, சில நாள்களில் மரணம் என்று நோய் விரைந்து கொன்றது. கடைகள் அடைபட்டன. வசதியுள்ளோர் ஊரை விட்டு வெளியேறினர். செல்ல வேறிடம் இல்லாதோர் இருந்த இடத்திலேயே அஞ்சிக் கிடந்தனர்.

அக்காலத்து அறிவியல் எந்நிலையில் இருந்தது என்பதை இங்கே கருத வேண்டும். பிளேக் நோயின் நுண்கிருமியை 1894ஆம் ஆண்டு ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் கண்டறிந்துவிட்டார். ஆனால் அக்கிருமி எலியிடமிருந்து மனிதனுக்கு எவ்வாறு வருகிறது என்பது தெளிவாகவில்லை. 1898ஆம் ஆண்டில் கராச்சியில் ஆராய்ந்த பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், இறந்த எலியின் உடலை விட்டு வெளியேறும் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று கண்டார். அவர் கூற்றை உலகம் ஏற்றுக் கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. இதில் வியப்பு ஒன்று உண்டு. எலிகள் செத்து விழக் கண்டால் ஊரை விட்டு வெளியேறிவிடும் வழக்கம் இமயமலைச் சாரலிலுள்ள கட்வால், குமாவுன் கிராமத்தாரிடம் முன்பே இருந்தது. காரணம் அறியாவிடினும் விளைவை அவர்கள் அறிந்திருந்தனர்.

நோயின் வழி தெரியாத நிலையில் சர்க்கார் செய்தது என்ன? 1897ஆம் ஆண்டில் கொள்ளைநோய்ச் சட்டம் ஒன்றை இயற்றி, அளவற்ற அதிகாரத்தை அலுவலர் கையில் கொடுத்தது. அந்நாளில் பல நகரங்களிலும் வீடுகளுக்குள் புகுந்து நோயாளிகளைத் தேடினர். துணிமணிகளைக் கொளுத்தினர். தரையை மருந்து நீரால் கழுவினர். காற்றும் வெயிலும் புகக் கூரை ஓடுகளைப் பிரித்தனர். நோயுற்றோரை ஒரு முகாமுக்கும், உடனிருந்தோரை மற்றொரு முகாமுக்கும் கொண்டு சென்றனர். ரயில் நிலையங்களில் பயணிகளை நிறுத்திச் சோதித்தனர். நோயுள்ள ஊரிலிருந்து சென்னை மாகாணத்திற்குச் செல்வோருக்குப் 'பிளேக் பாஸ்போர்ட்டு' என்ற சீட்டு அளிக்கப்பட்டது. சென்ற இடத்தில் அவர்கள் பத்து நாள் அலுவலர்முன் வந்து நிற்க வேண்டும். பெற்றோரைக் காணச் சொந்த ஊர் செல்லும் மகனும், தன் ஊரிலேயே சந்தேகத்திற்குரிய அயலானாக நின்றான். வெளிமாநிலத்தில் வாழும் நாம் இந்நிலையின் கசப்பை எளிதில் உணரக்கூடும்.

இவற்றின் பயன் என்ன? மக்கள் நோயாளிகளை மறைத்தனர். மருத்துவமனைக்குச் சென்றவர் திரும்பார் என்ற வதந்தி பரவிற்று. புனாவில் பிளேக் அதிகாரி ராண்டு 1897 ஜூன் மாதத்தில் சுடப்பட்டதற்கும் இத்தகைய கொடுமைகளே காரணமாயின. மருத்துவர் ஹாஃப்கின் பம்பாயில் தடுப்பு மருந்தைக் கண்டு, 1897 ஜனவரி 10ஆம் நாள் தம் உடலிலேயே அதைச் செலுத்திச் சோதித்துக் கொண்டார். அப்படியிருந்தும் ஊசி என்றதும் மக்கள் ஓடினர். அவர்களை அறியாதோர் என்று நாம் எளிதாகப் பழித்துவிடலாகாது. 1902ஆம் ஆண்டில் பஞ்சாபில் மல்கோவால் என்னும் ஊரில், இம்மருந்து செலுத்தப்பட்ட 19 பேர் வில்வாத ஜன்னியால் மாண்டனர். மருந்தில் குற்றமில்லை என்பது பின்னர் நிறுவப்பட்டது. எனினும் வீட்டுக் கதவை உடைத்து வந்த கை நீட்டும் ஊசியை எவர்தாம் நம்புவர்?

இந்நிலையில்தான் மக்களோடு நின்று பணியாற்றிய சிலரின் பெருமை விளங்குகிறது. அவர்களுள் டாக்டர் பல்பு ஒருவர். திருவனந்தபுரத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்றவர். ஈழவர் குலத்தில் பிறந்தவர் என்ற காரணத்தால் திருவிதாங்கூர் சர்க்கார் அவருக்கு வேலை தர மறுத்துவிட்டது. மைசூர் சமஸ்தானம் அவரை ஏற்றுக் கொண்டது. பெங்களூரில் பிளேக் பரவி, பலரும் ஊரை விட்டு ஓடியபோது, அவர் அகலாது நின்று நோய் ஒழிப்புப் பணியில் ஈடுபட்டார். சொந்த நாட்டில் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டவர், புகலிடமாக வந்த ஊரில் எவரும் தீண்ட அஞ்சிய நோயாளிகளைத் தொட்டார். பிழைப்புக்காக ஊர் பெயர்ந்தவரின் வரலாற்றில் இதனினும் உயர்ந்த ஏடு ஒன்றை நாம் காண்பது அரிது.

பிளேக் ஏற்படுத்திய மாறுதல்களை இனி நோக்குவோம். பெங்களூரில் தொலைபேசிக் கம்பிகள் இழுக்கப்பட்டதே நோய் ஒழிப்புப் பணிகளை இணைத்து நடத்துவதற்காகத்தான். இன்று நாம் நலம் விசாரிக்கும் கருவி, இந்நகரில் முதன்முதல் நோய்ச் செய்தி கூறவே மணி ஒலித்தது. சுகாதார அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டார். புதிய வீடு கட்டுவோர் காற்றோட்டத்திற்கும் கழிவுநீர் செல்லவும் வழி விட வேண்டும் என்ற விதிகள் வந்தன. பாலக்காட்டுத் தமிழரான சேஷாத்திரி ஐயர் திவானாக இருந்த காலத்தில், பேட்டையின் நெருக்கத்தைக் குறைக்க மல்லேசுவரமும் பசவனகுடியும் வகுக்கப்பட்டன. விக்டோரியா மருத்துவமனை 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கண்டோன்மெண்டில் பிளாக்பள்ளியின் நெருக்கம் குறைய 1910ஆம் ஆண்டில் ஃப்ரேசர் டவுன் அமைந்தது. நேரான தெருக்கள், வீட்டைச் சுற்றி வெற்றிடம், பின்புறம் துப்புரவுச் சந்து என்ற அமைப்பை இன்று நாம் அழகு என்கிறோம். அவ்வழகு எலிக்கும் இருளுக்கும் அஞ்சிய அச்சத்தில் பிறந்தது. கட்டடக்கலை அறிவியலுக்குப் பணி செய்யப் புகுந்தபோது மனிதனின் குடியிருப்பே மாறிற்று.

1927ஆம் ஆண்டில் கட்டப்பெற்று 1933ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட்டும் அதே எண்ணத்தின் தொடர்ச்சியே. இறைச்சியும் மீனும் காய்கறியும் பூவும் தெருவோரத்துச் சேற்றில் குவியாமல், உயர்ந்த கூரையின்கீழ்த் தனித்தனிப் பகுதிகளில் வைக்கப்பட்டன. இதன் பயனை நாம் ஒவ்வொரு நாளும் கையில் பையோடு அனுபவிக்கிறோம்.

கலையின் பங்கு கட்டடத்தோடு முடிந்துவிடவில்லை. அந்நாளில் வானொலி இல்லை. சர்க்காரின் கட்டளையைத் தண்டோராக்காரன் தெருவில் அறிவித்துச் செல்வான். மக்கள் கேட்டு அஞ்சுவர். ஆனால் அஞ்சியவர் ஆறுதல் பெற்றது பாட்டிலும் வழிபாட்டிலும்தான். சென்னையின் குஜிலிக் கடைகளில் அச்சான மலிவு விலைச் சிந்துப் புத்தகங்கள் புயலையும் வெள்ளத்தையும் ரயில் விபத்தையும் கொள்ளைநோயையும் பாட்டாக்கி மக்களிடம் கொண்டு சென்றன. அச்சு இயந்திரம் என்ற புதுமை, சிந்து என்ற பழைய மெட்டின் துணையால்தான் எளியோரின் செவியை அடைந்தது. மாரியம்மனுக்குப் 'பிளேக் மாரியம்மன்' என்ற பெயரே வழங்கலாயிற்று. அப்பெயரில் கோயில்களைப் பெங்களூரிலும் காணலாம், கோயம்புத்தூரிலும் காணலாம். ஆண்டுதோறும் செப்டம்பர் 8ஆம் நாள் முடிவுறும் மரியன்னையின் திருவிழாவில், நோய் நீங்க வேண்டிச் சாதி மதம் பாராது மக்கள் இன்றும் கூடுகின்றனர்.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மகாமாரி வந்த ஊரில் முதலில் சிதறுவது மனிதரின் உறவே. அண்டை வீட்டான் அஞ்சத்தக்கவனாகிறான். சிதறியவரை மறுபடியும் ஓரிடத்தில் கூட்டுவது திருவிழா. வேப்பிலைத் தோரணம் கிருமியைக் கொல்லாது. ஆனால் துயருற்ற வீட்டின் முன்னே பத்துப் பேரைக் கொண்டுவந்து நிறுத்தும். கிருமியைக் கொல்ல மருந்து வேண்டும். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்த பின்னரே பிளேக் குணமாக்கத்தக்க நோயாயிற்று. வழிபாட்டால் மருந்தின் வேலையும் ஆகாது. மருந்தால் வழிபாட்டின் வேலையும் ஆகாது. இரண்டையும் பகையாக்கிய இடங்களில் நோய் வளர்ந்தது.

இது பழங்கதை என்று நாம் எண்ணியிருந்தோம். 2020ஆம் ஆண்டு கொரோனா வந்தபோது, அதே 1897ஆம் ஆண்டுச் சட்டமே மீண்டும் கையில் எடுக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் நாடு முழுவதும் ஊரடங்கு பிறந்தது. ரயில்கள் நின்றன. பிழைக்க வந்த ஊரில் வேலையின்றி, சொந்த ஊருக்கு வழியுமின்றி, இலட்சக்கணக்கானோர் நெடுஞ்சாலைகளில் நடந்தனர். எங்கிருந்து வந்தாய் என்ற பழைய கேள்வி ஊர் எல்லைகளில் மறுபடியும் எழுந்தது. மருத்துவரும் செவிலியரும் தாக்கப்பட்டதால், அவர்களைக் காக்க அச்சட்டம் அவ்வாண்டிலேயே திருத்தப்பட்டது. 2021ஆம் ஆண்டில் கோவையை அடுத்த இருகூரில் கொரோனா தேவி என்ற பெயரில் சிலையும் நிறுவப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் மருந்து எவ்வளவோ வளர்ந்துவிட்டது. கிருமியின் அமைப்பைச் சில நாள்களில் படித்துவிடுகிறோம். ஆனால் அச்சம் அன்று நடந்த பாதையிலேயே இன்றும் நடக்கிறது.

எனவே 1898 நமக்குக் கூறும் பாடம் இது: அறிவு பிறப்பது ஆய்வுக்கூடத்தில், அது வாழ்வது மக்களின் நம்பிக்கையில். அதிகாரத்தின் கைபற்றி வந்த அறிவியலைக் கண்டு மக்கள் கதவை அடைத்தனர். நோயாளியின் அருகே நின்ற மருத்துவர், வெளிச்சம் தந்த சாளரம், பழகிய மெட்டு ஆகியவற்றோடு அது வந்தபோது வீட்டுக்குள் ஏற்றனர்.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனியொரு கடமையும் உண்டு. நோய்க்காலத்தில் முதலில் ஐயுறப்படுபவர் புதிதாக வந்தவரே. அந்த ஐயத்தை நம் முன்னோர் அனுபவித்தனர். இன்று நம் தெருவுக்குப் பீகாரிலிருந்தோ ஒரிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ பிழைக்க வருவோர் அதை அனுபவிக்காமல் காப்பது நம் பொறுப்பு. அடுத்த முறை ரஸ்ஸல் மார்க்கெட்டின் கூரையின்கீழ் நிற்கும்போது, பிளாக்பள்ளியின் இருண்ட அறைகளில் மாண்டோரை ஒரு கணம் நினைப்போம். பின்னர் அருகில் கூடை சுமந்து நிற்கும் புதியவரைப் பார்த்து, எந்த ஊர் என்று அன்போடு கேட்போம்.