மீண்டும் காணாத காட்சிகள்

ஓலைச் சுவடி ஒன்று செல்லுக்கு இரையாயிற்று என்று கேட்டால் நாம் வருந்துகிறோம், ஆனால் வியப்பதில்லை. அது பழங்காலம், காக்கும் வசதி குறைவு என்று ஆறுதல் கொள்கிறோம். ஆயின், அறிவியல் ஓங்கிய இருபதாம் நூற்றாண்டில், இலட்சக்கணக்கான மக்கள் கண்டு மகிழ்ந்த காட்சிகளை அவற்றைப் படைத்த நிலையமே தன் கையால் அழித்தது என்று சொன்னால், அதை எளிதில் நம்ப முடிகிறதா?

பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுட் சில ஏன் மீண்டும் ஒளிபரப்பாவதில்லை என்ற கேள்வி, பார்ப்பதற்குச் சிறிய கேள்வி. ஆனால் அதற்கு விடை தேடப் புகுந்தால், ஒரு சமுதாயம் எதைப் பேணுகிறது, எதை எறிந்துவிடுகிறது என்ற பெரிய கேள்வி நம் எதிரே வந்து நிற்கும். இதற்குத் தக்க சான்றாக இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனத்தின் வரலாற்றை முதலில் எடுத்துக்கொள்வோம்.

இலண்டன் நகரிலுள்ள அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து 1936-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் பி.பி.சி.யின் தொலைக்காட்சிப் பணி முறையாகத் தொடங்கிற்று. அந்நாளில் தொலைக்காட்சி நாடகம் என்பது மேடை நாடகத்தைப் போன்றதே. நடிகர்கள் நிலையத்தில் நடிப்பார்கள். அதே நொடியில் மக்கள் தம் வீட்டிலிருந்து காண்பார்கள். நடிப்பு முடிந்ததும் காட்சியும் காற்றோடு கலந்துவிடும். 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ என்னும் நாவல் நாடகமாக ஒளிபரப்பாயிற்று. நான்கு நாட்கள் கழித்து அது மறுமுறையும் ஒளிபரப்பாயிற்று. எவ்வாறு? நடிகர்கள் யாவரும் நிலையத்துக்குத் திரும்பி வந்து, முதலிலிருந்து முடிவு வரை மீண்டும் நடித்தார்கள்! மறுஒளிபரப்பு என்ற சொல்லுக்கு அந்நாளில் பொருள் அதுவே.

காட்சியைப் பதிந்து வைக்கும் வழியே இல்லையா என்று கேட்கலாம். ஒரு வழி இருந்தது. தொலைக்காட்சித் திரையின் எதிரே திரைப்படக் கேமராவை நிறுத்தி, திரையில் தோன்றுவதைப் படச்சுருளில் பிடிக்கும் முறை 1940-களின் பிற்பகுதியில் பழக்கத்திற்கு வந்தது. ஆனால் படம் தெளிவாக அமைவதில்லை. 1953-ஆம் ஆண்டு ‘குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ என்னும் ஆறு பகுதிகள் கொண்ட அறிவியல் நாடகத்தை இவ்வாறு பிடிக்க முனைந்தார்கள். இரண்டாம் பகுதியைப் படம் பிடிக்கும்போது பூச்சி ஒன்று பறந்து வந்து திரையின் மேல் அமர்ந்தது. அதுவும் நாடகத்தோடு சேர்ந்து பதிவாகிவிட்டது. பதிவின் தரம் மனநிறைவு தராமையால் எஞ்சிய நான்கு பகுதிகளை அவர்கள் பிடிக்கவேயில்லை. நடித்த நாடகம் மறைந்தது. வழி தவறி வந்த பூச்சி இன்றளவும் நிலைத்திருக்கிறது!

இந்தக் குறையைப் போக்க வந்தது காந்த நாடா. 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் இரண்டு அங்குல அகலமுள்ள நாடாவில் படத்தையும் ஒலியையும் ஒருங்கே பதியும் பொறியை உலகுக்குக் காட்டியது. இனி எதுவும் அழியாது என்று தோன்றியது. ஆனால் நடந்தது வேறு. அந்த நாடாவுக்கு இரண்டு இயல்புகள் இருந்தன. ஒன்று, அதன் விலை மிகுதி. ஒரு மணி நேரம் ஓடும் நாடாவுக்கு அந்நாளில் ஏறத்தாழ 300 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. மற்றொன்று, அதிலுள்ளதை அழித்துவிட்டுப் புதியதைப் பதிய முடியும். விலை உயர்ந்த பொருள், அதுவும் மறுபடி பயன்படும் பொருள் என்றால், சிக்கனமான நிருவாகி என்ன செய்வார்? பழைய நிகழ்ச்சியை அழிப்பார். அதே நாடாவில் புதிய நிகழ்ச்சியைப் பதிவார். காப்பதற்கென்று வந்த கருவியே அழிப்பதற்கும் துணையாயிற்று.

வேறு காரணங்களும் இருந்தன. நடிகர் சங்கமும் இசைக்கலைஞர் சங்கமும் மறுஒளிபரப்பை அஞ்சின. பழைய நாடகத்தையே திரும்பத் திரும்பக் காட்டினால் புதிய நாடகத்தில் நடிக்க வாய்ப்பு ஏது? உழைத்து உண்பவர்களின் அச்சம் அது. அதைக் குறைகூற இயலாது. ஆகவே ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட்ட கால எல்லைக்குள், அதுவும் ஓரிரு முறைதான், மீண்டும் காட்டலாம் என ஒப்பந்தங்கள் செய்துகொள்ளப்பட்டன. எல்லை கடந்த பின், அந்த நாடா நிலையத்தாரின் கண்ணுக்கு வெறும் சுமையாயிற்று. அடுத்து, 1967-இல் வண்ண ஒளிபரப்புத் தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் படத்தை இனி யார் விரும்பிப் பார்ப்பர் என்று எண்ணினார்கள். மேலும், படச்சுருளைக் காப்பது ஒரு பிரிவின் கடமை. நாடாவோ அதன் பொறுப்பில் இல்லை. அயல்நாடுகளுக்கு விற்கும் படிகளை வைத்திருந்தது மற்றொரு பிரிவு. மூலப்படி அடுத்தவரிடம் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டு, தம்மிடம் இருந்ததை அழித்தனர்.

அழிந்தவை எவை? 1963-இல் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியல் தொடரின் முதல் ஆறு ஆண்டுகளில் 253 பகுதிகள் ஒளிபரப்பாயின. அவற்றுள் தொண்ணூறுக்கு மேற்பட்டவை இன்று பி.பி.சி.யின் காப்பகத்தில் இல்லை. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற பாப் டிலன், தம் இருபத்தொன்றாம் வயதில் 1963 ஜனவரியில் பி.பி.சி. நாடகம் ஒன்றில் தோன்றிப் பாடினார். அந்நாடகத்தின் பதிவு 1968-இல் அழிக்கப்பட்டது. மனிதன் நிலவில் கால்வைத்த 1969-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பி.பி.சி. தன் நிலையத்திலிருந்து இரவு பகலாக வழங்கிய ஒளிபரப்பும் முழுமையாகக் காக்கப்படவில்லை. அதுமட்டுமா? நிலவிலிருந்து நேரே வந்த படக்குறிகளைப் பதிந்திருந்த அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் மூல நாடாக்களும், வேறு பணிக்காக அழித்துப் பயன்படுத்தப்பட்டிருக்கக்கூடும் என்று அந்நிறுவனமே 2009-இல் அறிவித்தது. தொலைக்காட்சி நிலையங்களிடமிருந்த பதிவுகளைக் கொண்டே அக்காட்சிகளைச் செப்பனிட நேர்ந்தது. மனித வரலாற்றின் மாபெரும் நிகழ்ச்சிக்கும் நாடாத் தட்டுப்பாடு என்னும் சிறு காரணம் இரக்கம் காட்டவில்லை.

இனி, இழந்தவற்றுள் சில மீண்ட கதை சுவை மிக்கது. ‘டாக்டர் ஹூ’ தொடரின் படச்சுருட் படிகள் அயல்நாட்டு நிலையங்களுக்கு விற்கப்பட்டிருந்தன. 1990-களின் தொடக்கத்தில் ஆங்காங்கிலிருந்து ஒரு கதையின் நான்கு பகுதிகளும் கிடைத்தன. நைஜீரிய நாட்டின் ஜோஸ் நகரத்து நிலையத்திலிருந்து காணாமற் போன ஒன்பது பகுதிகள் கிடைத்த செய்தி 2013-இல் வெளியாயிற்று. ஆஸ்திரேலியாவிலோ இன்னும் வியப்பு. குழந்தைகள் அஞ்சுவர் என்று தணிக்கையாளர் வெட்டி எடுத்த சிறு துண்டுகள் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருந்து 1996-இல் வெளிப்பட்டன. மக்கள் பார்க்கக் கூடாதென வெட்டியவை எஞ்சின. பார்க்கலாமென விட்டவை அழிந்தன!

வானொலி நேயர்களாகிய நமக்கு உவப்பான செய்தி ஒன்றும் உண்டு. அத்தொடரை விரும்பிய இளைஞர் சிலர், ஒளிபரப்பாகும்போதே வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்து ஒலியை மட்டும் பதிந்து வைத்திருந்தனர். அதனால் காணாமற் போன பகுதிகள் அனைத்தின் ஒலியும் இன்று நம்மிடம் இருக்கிறது. நிறுவனம் செய்யாத பணியைப் பள்ளிப் பிள்ளைகள் செய்து வைத்தார்கள்.

அழியாதிருந்தால் மட்டும் போதுமா? போதாது. பெட்டகத்தில் பத்திரமாக இருந்தும் வெளிவர முடியாத நிகழ்ச்சிகளும் உண்டு. அமெரிக்க நீக்ரோ மக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை எடுத்துரைக்கும் ‘ஐஸ் ஆன் தி பிரைஸ்’ என்னும் செய்திப்படத் தொடர் 1987-இல் ஒளிபரப்பாயிற்று. மார்ட்டின் லூதர் கிங்கின் காலத்தை மாணவர்க்கு உணர்த்தும் சீரிய ஆவணம் அது. ஆனால் அதிலுள்ள பாடல்களுக்கும் பழைய படங்களுக்கும் உரிமையாளர்கள் பலர். படைத்தவர்களிடம் இருந்த பொருளுக்கு ஏற்ப, சில ஆண்டுகளுக்கு மட்டுமே உரிமை பெற்றிருந்தனர். அக்காலம் முடிந்ததும், 1990-களின் நடுவில், அதை ஒளிபரப்பவும் இயலவில்லை, விற்கவும் இயலவில்லை. கிங்கின் தோழர்கள் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் பாடும் காட்சி அதில் ஒன்று. அந்த வாழ்த்துப் பாடலுக்குக்கூட அந்நாளில் உரிமை கோருவோர் இருந்தனர்! ஃபோர்டு அறநிறுவனம் முதலியோர் பெரும்பொருள் உதவிய பின்னரே, 2006-இல் அது மீண்டும் ஒளிபரப்பாயிற்று. இடையில் கல்லூரிக்கு வந்து சென்ற மாணவர் எத்தனை பேர் அதைக் காணாமலே போயிருப்பர்!

மூன்றாவது வகை ஒன்று உண்டு. 1958 முதல் 1978 வரை பி.பி.சி. ஓர் இசை நிகழ்ச்சியை நடத்தியது. வெள்ளையர்கள் முகத்தில் கருமை பூசிக் கறுப்பினத்தவர் போல ஆடிப்பாடிய நிகழ்ச்சி அது. 1961-இல் அது பன்னாட்டுப் பரிசும் பெற்றது. 1967-இல் அதனை நிறுத்துமாறு முறையீடும் எழுந்தது. ஆயினும் அதன்பின் பதினோராண்டுகள் நடந்தது. இன்று அதனைப் பொழுதுபோக்காக ஒளிபரப்ப எவரும் துணியார். அது முறையே. எனினும் அதன் பதிவை அழித்துவிட்டால், ஒரு சமுதாயம் எதைக் கண்டு கைதட்டியது என்பதற்குச் சான்று இராது. ஒளிபரப்பத் தகாதது வேறு. காக்கத் தகாதது வேறு. தக்க விளக்கத்தோடு மாணவர் ஆராய்வதற்கு அதுவும் இருத்தல் வேண்டும்.

1978-ஆம் ஆண்டளவில் பி.பி.சி. விழித்துக்கொண்டது. நிகழ்ச்சிகளைக் காக்கும் பொறுப்பு நூலகத்திடம் தெளிவாக ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன் அழித்தவர்கள் கொடியவர் அல்லர். ஒருவர் நாடாவின் விலையை எண்ணினார்; ஒருவர் நடிகரின் பிழைப்பை எண்ணினார்; ஒருவர் அலமாரியின் இடத்தை எண்ணினார். தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் நியாயமே. எதிர்காலத்து மனிதன் இதைக் கேட்பானே என்று எண்ண வேண்டியவர் மட்டும் அந்த அறையில் இல்லை.

தம் காலத்துப் பொருளை மலிவாக எண்ணுவது மனித இயல்பு. நேற்று வரை எங்கும் கிடைத்தது, நாளை எங்கும் கிடைக்காது. உங்கள் வீட்டில் பாட்டனார் பேசிய ஒலிநாடாவோ, ஊர்த் திருவிழாவைப் பிடித்த படநாடாவோ இருக்கலாம். அதனை இயக்கும் பொறி அருகி வருகிறது. பொறி கிடைக்கும்போதே அதற்கு ஒரு படி எடுங்கள்; பேசுபவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒலிப்பதிவுக் கருவியை அருகே வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த அந்தப் பிள்ளைகளும் இவ்வளவுதான் செய்தார்கள்.